டிஸ்க் நூறு, அறிவு பூஜ்யம்

என் கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்திருப்பதற்கு நான் காரணமில்லை. அது இன்னும் மெதுவாக எழுந்திருக்கும்படி ஆனதற்கு முழுக் காரணமும் நானே.

சித்தூரில் சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன் நான். வெல்ல மண்டிக்காரர்கள் இருவர், இரும்புக் கடை ஒன்று, மாம்பழக் கூழ் ஆலை ஒன்று என்று என் உலகம் சிறியது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வரும்வரை கம்ப்யூட்டர் காலையில் எத்தனை மணிக்குக் கண் விழித்தாலும் எனக்குக் கவலை இருந்ததில்லை. அதன்பிறகு மாதத்தில் இரண்டு நாள் வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது: 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி படிவம். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் ஜூன், ஜூலையில் வரிசை கட்டி நிற்குமே, அதே நாட்களில் என் மேசைமேல் பில்லும் வரிசை கட்டி நிற்கும். அப்போது பார்த்துத்தான் லேப்டாப் தன் ஆமை நடையைக் காட்டும். பொத்தானை அழுத்தினால் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பி, பையனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். இங்கே நீல நிற வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

புத்தியுள்ளவன் என்றால் தெரிந்தவரிடம் காட்டியிருப்பான். நான் பிகாம். டேலி கற்றவன். போதாதா? நானே வைத்தியம் பார்த்துக்கொள்வது என்று இறங்கினேன்.

முதல் வைத்தியம், இந்தியர்கள் எல்லோரும் செய்வது: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், ரிஃப்ரெஷ். ஒன்றல்ல, விரல் ஓயும்வரை. ரிஃப்ரெஷ் செய்வது திரையிலுள்ள ஐகான்களை இன்னொரு முறை வரைந்து காட்டுவது மட்டும்தான். நினைவகத்தைக் கழுவுவதோ செயலியைத் தட்டி எழுப்புவதோ அதன் வேலையில் இல்லை. மெதுவாக இருக்கும் இயந்திரத்திடம் "ஐகானைத் திரும்ப வரை, திரும்ப வரை" என்று கூடுதல் வேலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் விரல் அந்தப் பக்கம் போகிறது. பழக்கதோஷம்.

அடுத்தது, பிரீஃபெட்ச் கோப்புறை. அதைக் காலி செய்தால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று ஒரு வீடியோவில் ஒரு தம்பி அடித்துச் சொன்னான். விண்டோஸ் எக்ஸ்பி காலமான 2001 முதல் இருப்பது அது. கம்ப்யூட்டர் எழும்போதும் ஒரு மென்பொருள் திறக்கும்போதும் எந்தெந்தக் கோப்புகள் எந்த வரிசையில் வேண்டியிருந்தன என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவற்றை முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் அதன் வேலை. வேகத்துக்காகவே எழுதி வைத்த குறிப்பு அது. அதை அழித்தால் விண்டோஸ் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அழித்த மறுநாள் கம்ப்யூட்டர் இன்னும் தாமதமாக எழுந்தது. "இன்னும் குப்பை பாக்கி இருக்கிறது போல" என்று மறுபடி அழித்தேன். வாரந்தோறும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பிரீஃபெட்ச் துடைப்பு என்று அதை ஒரு விரதமாகவே கடைப்பிடித்தேன்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஒரு பெட்டி. அதில் பூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் "செயலிகளின் எண்ணிக்கை". அந்தக் கட்டத்தை டிக் செய்தால் எல்லாக் கோர்களும் வேலை செய்து கம்ப்யூட்டர் சீக்கிரம் எழும் என்பது உலகப் புகழ்பெற்ற வதந்தி. டிக் செய்யாமல் விட்டாலே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்திக்கொள்ளும். சோதனை செய்கிறவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதற்காக வைத்த கட்டம் அது. டிக் செய்ததும் அதில் 1 என்று காட்டும். அந்த 1ஐ நான் "நம்பர் ஒன்" என்று எடுத்துக்கொண்டு ஓகே கொடுத்தேன். அன்றிலிருந்து நான்கு கோர் உள்ள என் லேப்டாப் ஒரே கோரில் ஓடியது. அதோடு நிறுத்தினேனா? வெல்ல மண்டிக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டருக்கும் இந்தச் சேவையை இலவசமாகச் செய்து கொடுத்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அவர் நல்ல மனிதர். "நீங்க பார்த்ததிலிருந்து கொஞ்சம் நிதானமா இருக்கு சார்" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஸ்டார்ட்அப் பட்டியலைக் கண்டுபிடித்தேன். இது மட்டும் வதந்தியல்ல, உண்மையான மருந்து. திருமலையில் விஐபி பிரேக் தரிசனம் இருக்கிறதல்லவா? சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்கள் முன்னால் போவார்கள்; கடிதமில்லாதவர் கம்பார்ட்மெண்டில் உட்கார்ந்து கதவு திறக்கும்வரை காத்திருப்பார். கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளை நிறுவினாலும் அது போகிறபோக்கில் தனக்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறது. பிரிண்டருக்கு ஒன்று, மேகச் சேமிப்புக்கு ஒன்று, என்றைக்கோ ஒருநாள் செருகிய பழைய போனுக்கு ஒன்று, வீடியோ அழைப்புக்கு ஒன்று. பொத்தானை அழுத்திய நான்தான் வரிசையில் கடைசி ஆள். விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே இந்தப் பட்டியல் வந்துவிட்டது. யார் எவ்வளவு நேரம் இழுக்கிறார் என்பதை அதிகம், நடுத்தரம், குறைவு என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். வேண்டாததை டிசேபிள் செய்தால் போதும். மென்பொருள் எங்கும் போய்விடாது, கூப்பிட்டால் வரும்.

பட்டியலைப் பொறுமையாகப் படித்து, வேண்டாததை மட்டும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் வாழ்நாளில் ஒருமுறை கிடைத்த அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்தினேன். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் டிசேபிள். கடிதம் கொண்டு வந்த யாரையும் விடவில்லை. அதில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருளும் போயிற்று.

தனிநபர் வியாபாரிகள் ஓடிபி வைத்துப் படிவத்தை முடித்துவிடலாம். கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். கூழ் ஆலை ஒரு பிரைவேட் லிமிடெட். 20ஆம் தேதி மாலை யுஎஸ்பி டோக்கனைச் செருகுகிறேன், விளக்கு எரிகிறது, கையெழுத்து வரவில்லை. பிடுங்கிச் செருகினேன். ஊதிச் செருகினேன். வேறு ஓட்டையில் செருகினேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துச் செருகினேன். நிறுத்தியது நான்தான் என்பது இரவு பன்னிரண்டு தாண்டிய பிறகு உறைத்தது. ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய் அபராதம், மத்திக்கு 25, மாநிலத்துக்கு 25. அடுத்த மாதப் படிவத்தில் அது தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆலைக்காரருக்கு 50 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஏன் என்று கேட்டதுதான் பெரிய தொகை. "சர்வர் பிசி சார்" என்றேன். அந்தப் பொய்யை இங்கே வாபஸ் பெறுகிறேன்.

அதன் பிறகாவது ஓய்ந்தேனா என்றால் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியின் மேல் கண் போயிற்று. விண்டோஸ் 8 முதல் இருப்பது. ஷட்டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதி முழுதாக அணைவதில்லை. அப்போதிருந்த நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதை அப்படியே எடுத்துத் தொடரும். அதனால்தான் தினமும் ராத்திரி அணைத்துவிட்டுப் படுத்தாலும் டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாக எழ வேண்டுமென்றால் ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. 'அப் டைம்' நாள் கணக்கில் நிற்பதைப் பார்த்து, "ஓ, இவன் தூங்கவே இல்லை, அதனால்தான் காலையில் சோர்வு" என்று நோயைக் கண்டுபிடித்து அந்த வசதியை அணைத்துவிட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுதான் கைத்தடியாக இருந்தது. அதையும் பிடுங்கியாயிற்று.

கடைசி அஸ்திரம் எல்லோருக்கும் தெரிந்தது: "ஃபார்மட் போட்டுடு." டேலி கோப்புகளை, புகைப்படங்களை, எழுதி வைத்திருந்ததையெல்லாம் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஃபார்மட் போட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழைய கடிதம் ஒன்றைத் திறந்தேன். தமிழைக் காணோம். அவையெல்லாம் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்தவை. எழுத்துருவை நான் எடுத்து வைக்கவில்லை. என் தங்கை கல்யாணப் பத்திரிகை முழுவதும் ஆங்கில எழுத்துக் கூளமாக நின்றது. புள்ளி வைத்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைத் தேடி மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் பாதிக் கோப்புகளை "கெட்டுப்போனவை" என்று அழித்துவிட்டிருந்தேன்.

இத்தனைக்கும் பிறகும் வெளியில் எனக்கு நல்ல பெயர். உறவில் ஒருவன் எம்எஸ்கான்ஃபிக் என்ற சொல்லை இரண்டு முறை உச்சரித்துவிட்டால் போதும், அவன் கம்ப்யூட்டர் தெரிந்தவன். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்ததில் நான் இரு மாவட்டப் புகழ் பெற்றவனாகவும் ஆகிவிட்டேன். என் மைத்துனன் குடும்பம் திருப்பதியில் இருக்கிறது.

திருப்பதியில் வீடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டு உறவினர்களிடமிருந்து மாதம் தவறாமல் வரும் போன் எது என்று சொல்லத் தேவையில்லை. "அங்கேயே இருக்கீங்க, ஒரு தரிசன டிக்கெட் வாங்கித் தர முடியாதா?" 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டை எங்கிருந்தாலும் ஆன்லைனில்தான் போட வேண்டும், திருப்பதியில் வீடு இருப்பதால் கணினி யாருக்கும் சலுகை காட்டாது என்று எத்தனை சொன்னாலும் வேலூர்ப் பெரியம்மா நம்புவதில்லை. ஒதுக்கீடு சில மாதங்களுக்கு முன்பாகவே, குறித்த நாளில், பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறக்கும். திறந்ததும் நாடெங்குமிருந்து விரல்கள் பாயும்.

அப்படியொரு நாள் காலையில்தான் நான் லேப்டாப் பையோடு திருப்பதி போய்ச் சேர்ந்தேன். மைத்துனன் வாசலிலேயே சொன்னான்: "மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க. பத்து மணிக்கு டிக்கெட் போடணும். சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்."

மணி ஒன்பதரை. அரை மணி நேரத்தில் கைவரிசையைக் காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். டெம்ப் கோப்புகளை அழித்தேன். பிரீஃபெட்ச்சுக்கு என் வழக்கமான மரியாதையைச் செய்தேன். எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த 1ஐ வைத்தேன். "இப்ப ஒரு ரீஸ்டார்ட் போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்று பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்த செய்தி: புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். சதவீதம் எட்டில் நின்றது. பத்து மணி ஆனபோது இருபத்தேழு. பத்தேகாலுக்கு இருபத்தேழு. என் பின்னால் நின்ற மைத்துனன் ஒன்றும் பேசவில்லை. மாமாவை மரியாதைக்குறைவாகப் பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள்.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "நாலு டிக்கெட் போட்டாச்சுண்ணா. நீங்க சிஸ்டம் முன்னாடி உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் போனை எடுத்துட்டேன்."

போனை யாரும் அணைப்பதில்லை. அதனால்தான் அது எப்போதும் தயார். அணைத்து எழுப்பினால் அதுவும் லோகோவைக் காட்டிக்கொண்டு நேரம் எடுக்கத்தான் செய்யும். லேப்டாப்பையும் மூடி வைத்தால் உறக்க நிலைக்குப் போய், திறந்ததும் நொடிகளில் எழுந்துவிடும். தினமும் முழுதாக அணைத்துவிட்டு, எழுவதற்கு நேரமாகிறது என்று புலம்பியவன் நான்.

அன்று சாயங்காலம் மைத்துனனின் கம்ப்யூட்டரையும் என் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கடைத் தம்பி தெலுங்கில் ஆரம்பித்து, எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினான். என் லேப்டாப்பைப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பார்த்தான். அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை.

"சார், சிபியு பத்து சதம். ராம் பாதி காலி. டிஸ்க் நூறுல நிக்குது. ஹார்ட் டிஸ்க்தானே? மாத்திடலாம்."

ராம் பாதி காலி என்றது என் நெஞ்சில் குத்தியது. முந்திய வருடம்தான் காசு கொடுத்து 4 ஜிபியை 8 ஆக்கியிருந்தேன்.

அவன் சொன்னதன் கணக்கு எளிது. என் லேப்டாப்பில் இருந்தது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு. வினாடிக்கு 90 சுற்று. ஒரு கோப்பின் துண்டு வேண்டுமென்றால் அதைப் படிக்கும் முள் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்த இடம் முள்ளின் கீழே சுற்றி வரும்வரை, சராசரியாக அரைச் சுற்று, காத்திருக்க வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளாக இருந்தால் வினாடிக்கு நூறைத் தாண்டி எடுப்பது கஷ்டம். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரமாயிரம் சின்னத் துண்டுகள். செயலி எவ்வளவு வேகமாக இருந்தாலும், ராம் எவ்வளவு இருந்தாலும், எல்லாம் அந்த முள்ளுக்காகத்தான் காத்திருக்கும். சுழலும் டிஸ்க்கை ஐபிஎம் 1956இல் கொண்டு வந்ததிலிருந்து சங்கதி இதுதான். தட்டு சிறிதானது, சுற்று வேகமானது, நகரும் முள் மட்டும் போகவில்லை. அதற்குப் பதிலாக அவன் போடச் சொன்ன எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதே சின்னத் துண்டுகளை வினாடிக்குப் பல்லாயிரம் எடுத்துக் கொடுக்கும்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, மாற்றிப் பூட்டிக் கொடுத்தான். போகிறபோக்கில் மைத்துனனின் கம்ப்யூட்டரில் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, "இதுல ஒண்ணு போட்டது யாரு சார்?" என்றான். மைத்துனன் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தான். நானும் பார்த்தேன். ராம் வாங்கிய காசும், அபராதமும், சுத்தம் செய்யும் மென்பொருளுக்குக் கட்டிய சந்தாவும் சேர்த்தால் அந்த எஸ்எஸ்டியை இரண்டு முறை வாங்கியிருக்கலாம். லேப்டாப் இப்போது நான் சார்ஜர் வயரின் சிக்கலை எடுப்பதற்குள் எழுந்துவிடுகிறது.

கம்ப்யூட்டரை வேகமாக எழுப்பும் வேலையை முறையாகச் செய்தவர்களும் உண்டு. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெல் பொறியாளர்கள் அர்யான் வான் டி வென், ஔகே காக் இருவரும் ஈ பிசி என்ற ஒரு சின்ன லேப்டாப்பை ஐந்தே வினாடியில் எழுப்பிக் காட்டினார்கள். "வேகமாக்குவோம்" என்று அவர்கள் கிளம்பவில்லை. முதலில் ஐந்து வினாடி என்று வரையறுத்தார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒன்று, தொடக்க வேலைக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு இரண்டு என்று பட்ஜெட் போட்டார்கள். எந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். படம் தெரிந்ததும் முடிந்தது என்று சொல்லவில்லை; செயலியும் டிஸ்க்கும் ஓய்ந்த பிறகுதான் எழுந்ததாகக் கணக்கு. கணக்குப் போட்டுப் பிழைக்கும் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். கடைக்காரர் ஒருவர் "நஷ்டம் சார்" என்று வந்தால் எந்தத் தலைப்பில் பணம் போகிறது என்று பார்க்காமல் ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். என் கம்ப்யூட்டரில் மட்டும் தலைப்பையே பார்க்காமல் எல்லாவற்றையும் வெட்டினேன்.

1983இல் மெக்கின்டாஷ் எழுவதில் பத்து வினாடியைக் குறைக்கச் சொல்லி பொறியாளர் லாரி கென்யானிடம் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கணக்குச் சொன்னதாக ஒரு பழைய கதை உண்டு. 50 லட்சம் பேர் தினமும் பத்து வினாடி மிச்சம் பிடித்தால் நாளொன்றுக்கு 5 கோடி வினாடி. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். என் கணக்கு நேர்மாறு. நாளைக்குச் சில நிமிடம் மிச்சம் பிடிக்க நான் செலவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட்டினால், பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவனே லாபக்காரன்.

விதியின் விளையாட்டு ஒன்றும் பாக்கி. லேப்டாப் ஒருவழியாக வேகமாக எழ ஆரம்பித்த கொஞ்ச நாளில், 2025 அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 என் பழைய செயலியை ஏற்காது. அடுத்து லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரும் மெதுவாக எழுகிறதா? முதலில் கோப்புகளை, எழுத்துருக்களையும் சேர்த்து, வேறிடத்தில் எடுத்து வையுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது நூறில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் நூறில் நின்று, அது சுழலும் டிஸ்க்காகவும் இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். மற்ற வைத்தியம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை ஒவ்வொன்றாக, பெயரைப் படித்துப் பார்த்து நிறுத்துங்கள். 1 என்று காட்டும் கட்டம் எதையும் தொடாதீர்கள். உறவில் கம்ப்யூட்டர் தெரிந்த மாமா யாராவது வந்தால் காபி கொடுங்கள், டிபன் கொடுங்கள், மவுஸை மட்டும் கொடுக்காதீர்கள்.